ஒரு புனல், ஒரு கேன், ஒரு நோட்டு போதும்... வீட்டு மாடியிலேயே மழையை அளக்கலாம்! மலை அடிவார மக்களுக்கு இது ஏன் முக்கியம்?

திருவண்ணாமலை:

"நேத்து ராத்திரி செம மழை" என்று செங்கம் ரோடு டீக்கடையில் ஒருவர் சொல்வார். "எங்க பக்கம் தூறல் கூட விழலையே" என்பார் வேங்கிக்காலில் இருந்து வந்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நம்ம ஊரில் கோடை மழையும், ஆவணி, புரட்டாசி மாலையில் இடி மின்னலோடு வரும் மழையும் அப்படித்தான். ரமணாசிரமம் பகுதியில் சாக்கடை நிரம்பி ஓடும். அதே நேரத்தில் காஞ்சி ரோட்டில் தூசி பறக்கும்.

சரி, உங்க தெருவில் நேற்று எவ்வளவு மழை பெய்தது? யாரைக் கேட்டாலும் "நல்ல மழை", "சுமாரான மழை" என்றுதான் பதில் வரும். எண் வராது. அந்த எண்ணை வீட்டிலேயே எடுக்கலாம். பெரிய படிப்பு வேண்டாம். பெரிய செலவும் இல்லை. காலையில் 5 நிமிடம் ஒதுக்கினால் போதும். உலகம் முழுக்க பல ஆயிரம் பேர் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள்.

பொழுதுபோக்குதானே என்று ஒதுக்கிவிட முடியாது. மலை அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் கூட.

2024 டிசம்பர் 1-ந் தேதியை மறக்க முடியுமா?

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போகாமல் மெதுவாக நகர்ந்து உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது நம்ம திருவண்ணாமலை.

டிசம்பர் 1-ந் தேதி அண்ணாமலையார் மலை அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. 5 குழந்தைகள் உள்பட 7 பேர் பலியானார்கள். ஊரே அழுதது. 2-ந் தேதி அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் திறந்து விடப்பட்டது. அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு மலை ஏற பக்தர்களுக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதே மலையின் தெற்கு அடிவாரத்தில்தான் ரமணாசிரமம் பகுதியும் இருக்கிறது. அதைச் சுற்றி எத்தனையோ தெருக்கள், வீடுகள், வாடகை அறைகள், கடைகள். கன மழை பெய்யும் இரவில் "இன்னும் எவ்வளவு பெய்தால் ஆபத்து? இதுவரை எவ்வளவு பெய்திருக்கிறது?" என்ற கேள்வி இங்கே குடியிருப்பவர்களுக்கு வரத்தான் செய்யும். முதல் கேள்விக்கு நிபுணர்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு உங்க வீட்டு மாடியே பதில் சொல்லும்.

ஒரே ஊர், இரண்டு கணக்கு

"அரசாங்கம்தான் அளக்கிறதே, நாம எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை பெய்த மறுநாள் திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, ஜமுனாமரத்தூர் என்று ஊர் வாரியாக மழை அளவு பேப்பரில் வருகிறது. ஆனால் ஒரு ஊருக்கு ஒன்றிரண்டு மழைமானிதான் இருக்கும். அது இருக்கும் இடத்தில் பெய்த மழைதான் அந்தக் கணக்கு. உங்க தெருக் கணக்கு அதில் வராது.

சென்னையையே எடுத்துக் கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. அதே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ.! ஒரே நகரம். எலெக்ட்ரிக் ரயிலில் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரம். வித்தியாசம் மட்டும் 20 செ.மீ.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸ் என்று ஒரு ஊர். அங்கே 1997 ஜூலை 28-ந் தேதி வெள்ளம் வந்து 5 பேர் இறந்தார்கள். ஊரின் மேற்குப் பக்கம் சுமார் 36 செ.மீ. மழை கொட்டியது. சில கிலோமீட்டர் தள்ளி கிழக்குப் பக்கம் 5 செ.மீ. கூட இல்லை. எங்கே எவ்வளவு பெய்தது என்பதை வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகக் கேட்டுத்தான் கணக்கு எடுத்தார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 1998-ல், அந்த ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு மழைமானி வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது அமெரிக்கா முழுவதும் பரவி பல ஆயிரம் பேர் தினமும் மழை அளவு அனுப்பும் அமைப்பாக வளர்ந்து நிற்கிறது.

வயநாட்டில் முன்கூட்டியே சொன்ன மழைமானி

இவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து மாநிலம் கேரளாவில் வயநாடு மாவட்டம். அங்கே கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் என்ற ஆராய்ச்சி அமைப்பு, விவசாயிகள், எஸ்டேட்காரர்கள், பொதுமக்கள் உதவியோடு மாவட்டம் முழுவதும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் தினமும் மழை அளவு எடுக்கிறது.

2024 ஜூலை கடைசியில் புத்துமலை பகுதியில் 48 மணி நேரத்தில் 570 மி.மீட்டருக்கு மேல் மழை பதிவானது. மலை சரிவதற்கு முன்பே "நிலச்சரிவு ஆபத்து இருக்கிறது" என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு தகவல் கொடுத்தது. ஜூலை 30-ந் தேதி அதிகாலை முண்டக்கை, சூரல்மலை பகுதியில் மலை சரிந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். தகவல் கொடுத்தும் இத்தனை உயிர் போனது பெரிய சோகம். ஆனாலும், மழைமானி வைத்து எடுத்த கணக்கு ஆபத்தைப் பல மணி நேரம் முன்னாலேயே காட்டியது என்பது உண்மை.

அதே கேரளாவில் கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரை மக்களும் இதேபோல வீடுகளிலும் பள்ளிகளிலும் மழைமானி வைத்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு ஒருவர் தகவல் சொல்லிக் கொள்கிறார்கள். மேலே மலையில் மழை அதிகம் என்றால் கீழே இருப்பவர்கள் உஷாராகி விடுகிறார்கள்.

பொழுதுபோக்காக ஆரம்பித்தவர்கள்தான்!

இது புது விஷயமும் இல்லை. மழையை அளக்க வாய் அகன்ற பாத்திரத்தை தானியக் கிடங்குக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று கவுடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது. கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1440-களிலேயே ஊர் ஊராக ஒரே அளவு மழைமானி வைத்து கணக்கு அனுப்பச் சொன்னார்கள். நம்ம கிராமங்களில் வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து "ஒரு உழவு மழை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் ஒரு மழைமானிதான்!

சென்னையில் வானிலை ஆராய்ச்சி ஆரம்பித்த கதை தெரியுமா? கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி என்பவர் 1786-ல் எழும்பூரில் தன் சொந்த வீட்டிலேயே ஒரு வானாய்வுக் கூடம் வைத்தார். அதை கம்பெனி எடுத்துக் கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் கட்டியது. 1796-ல் இருந்து அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறை வந்ததே 1875-ல்தான். அரசு துறைக்கு முன்னாலேயே ஒரு வீட்டில் ஆரம்பித்த வேலை இது.

இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பவர் 1860-ல் மழை அளக்கும் ஆர்வலர்களை ஒன்று சேர்த்தார். 1900-ல் அவர் இறக்கும்போது 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மழை அளந்து அவருக்கு அனுப்பிக் கொண்டிருந்தார்கள். நீலகிரி, வால்பாறை தேயிலை எஸ்டேட்டுகளில் இன்றும் மழை நோட்டு உண்டு.

அவ்வளவு ஏன், "தமிழ்நாடு வெதர்மேன்" பிரதீப் ஜானை எல்லோருக்கும் தெரியும். அவரும் வானிலைத் துறை அதிகாரி இல்லை. வேறு வேலை பார்த்துக் கொண்டே ஆர்வத்தில் மழைக் கணக்கு சேர்த்தவர்தான். 2015 வெள்ளத்தின்போது அவர் போட்ட பதிவுகளை லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

மழைமானி செய்வது எப்படி?

தேவையானவை: 16 செ.மீ. வாய் அகலம் உள்ள ஒரு பிளாஸ்டிக் புனல். 5 லிட்டர் கேன் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 20 மி.லி. அல்லது 50 மி.லி. சிரிஞ்சு, ஊசி வேண்டாம். கேனை அசையாமல் வைக்க ஒரு வாளி, நான்கு செங்கல். அவ்வளவுதான்.

16 செ.மீ. புனல் ஏன் என்று கேட்கிறீர்களா? அதன் வாய்ப் பரப்பு 201 சதுர செ.மீ. வானிலைத் துறை மழைமானியிலும் 200 சதுர செ.மீ. அளவு உண்டு. இந்தப் புனலில் 1 மி.மீ. மழை பெய்தால் 20 மி.லி. தண்ணீர் சேரும். கணக்கு சுலபம். காலையில் கேனில் உள்ள தண்ணீரை சிரிஞ்சால் அளந்து, மி.லி. கணக்கை 20-ஆல் வகுத்தால் மழை அளவு வந்துவிடும். 300 மி.லி. இருந்தால் 15 மி.மீ. மழை. 5 லிட்டர் கேன் நிரம்பினால் 250 மி.மீ. அதாவது 25 செ.மீ. மழை.

வேறு அளவு புனல்தான் கிடைத்ததா? பரவாயில்லை. வாய் அகலத்தில் பாதியை எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் 3.14-ஆல் பெருக்குங்கள். அதுதான் பரப்பு. மி.லி. அளவை 10-ஆல் பெருக்கி அந்தப் பரப்பால் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுத்தால் நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

சிலர் 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை மேலே வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி மழைமானி செய்வார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் முதலில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தை பூஜ்யம் என்று வைத்துக் கொள்ள வேண்டும். பாட்டிலின் உடம்பு நேராக இருக்க வேண்டும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி இருந்தால் கணக்கு தப்பும்.

எங்கே வைக்க வேண்டும்?

இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மரத்தடியில், சன்ஷேடு ஓரத்தில், தண்ணீர் டேங்க் பக்கத்தில் வைக்கவே கூடாது. பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். 10 அடி மரம் என்றால் 20 அடி தள்ளி. தரையில் இடம் இருந்தால் தரைதான் சிறந்தது. இடம் இல்லாதவர்கள் மாடியில் நடுவில் வைக்கலாம். மாடியில் காற்று வேகம் அதிகம் என்பதால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். ஆனால் ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இடத்தை மட்டும் அடிக்கடி மாற்றக் கூடாது.

ரமணாசிரமம் பகுதியில் இன்னொரு பிரச்சினை உண்டு. அதுதாங்க, குரங்கு! புனலைப் பார்த்தால் சும்மா விடுமா? கேனை வாளிக்குள் வைத்து, சுற்றி செங்கல் அடுக்கி, புனலை கம்பி போட்டு வாளியோடு கட்டிவிட வேண்டும். புனல் வாயில் சருகும் பறவை எச்சமும் விழுந்து அடைக்காமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். புனல் கேன் வாயில் இறுக்கமாக உட்கார்ந்தால் தண்ணீர் ஆவியாவதும் குறையும். கொசுவும் முட்டை போடாது.

காலை 8.30 மணி ரகசியம்

மழை அளவு எடுக்க நேரம் காலை 8.30 மணி. இந்தியா முழுக்க இதுதான் கணக்கு. அது உலக நேரப்படி அதிகாலை 3 மணி. உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரே நேரத்தில் அளவு எடுக்கின்றன. அதில் இதுவும் ஒன்று.

முதல் நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது எல்லாம் இன்றைய தேதியில்தான் எழுத வேண்டும். ஞாயிறு சாயங்காலம் பெய்த மழை திங்கட்கிழமை கணக்கில் வரும். இது தெரியாமல் பலர் பேப்பரில் வரும் அளவோடு தங்கள் அளவு ஒத்துப் போகவில்லை என்று குழம்புகிறார்கள். 8.30-க்கு வேலைக்குப் போய்விடுவோம் என்பவர்கள் 6.30-க்கே எடுக்கலாம். ஆனால் தினமும் அதே நேரம் எடுக்க வேண்டும். நோட்டில் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

"கன மழை"ன்னா எவ்வளவு?

டி.வி.யில் "கன மழை", "மிக கன மழை" என்று சொல்கிறார்களே, அதற்கெல்லாம் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில்,

2.5 முதல் 15.5 மி.மீ. வரை: லேசான மழை

15.6 முதல் 64.4 மி.மீ. வரை: மிதமான மழை

64.5 முதல் 115.5 மி.மீ. வரை: கன மழை

115.6 முதல் 204.4 மி.மீ. வரை: மிக கன மழை

204.5 மி.மீ. முதல்: அதி கன மழை

2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது "மழை நாள்" என்று கணக்கு. 10 மி.மீ. சேர்ந்தால் 1 செ.மீ. இந்தப் பட்டியலை நோட்டு அட்டையில் ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். "செம மழை"க்கு எண் கிடைத்துவிடும்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். உங்க மாடி 600 சதுர அடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர். 10 மி.மீ. மழைக்கே அந்த மாடியில் 560 லிட்டர் விழுகிறது. ஒரு வருடத்தில் 1000 மி.மீ. பெய்தால் 56 ஆயிரம் லிட்டர்! மழைநீர் சேகரிப்பு 2003-ல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் போட்டு வைத்த பல வீடுகளில் அது அடைத்துக் கிடக்கிறது. எவ்வளவு தண்ணீரை சாக்கடைக்கு விடுகிறோம் என்று எண்ணில் பார்த்தால் மனசு கேட்காது.

நோட்டில் எழுதும் முறை

40 பக்க நோட்டு போதும். தேதி, நேரம், மழை மி.மீ., மூன்று நாள் கூட்டல், குறிப்பு என்று ஐந்து கட்டம் போடுங்கள். மழை இல்லாத நாளில் 0 எழுத வேண்டும். சும்மா விடக் கூடாது. தரை நனைந்தது, ஆனால் அளக்கிற அளவுக்கு இல்லை என்றால் "தூறல்" என்று எழுதுங்கள். ஊருக்குப் போய்விட்டீர்கள், அளக்கவில்லை என்றால் கோடு போடுங்கள். அந்த இடத்தில் 0 போட்டால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிடும். நினைவில் இருந்து குத்துமதிப்பாக எழுதவே கூடாது. ஒரு நாள் பொய் எழுதினால் மொத்த நோட்டும் பாழ்.

குறிப்பு கட்டத்தில் மழை ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், இடி, ஆலங்கட்டி, தெருவில் தண்ணீர் நின்றது, சமுத்திரம் ஏரிக்கு தண்ணீர் வந்தது, கிணற்றில் எத்தனை உரை தெரிகிறது என்று எழுதுங்கள். பிற்காலத்தில் அதிகம் உதவுவது இந்தக் கட்டம்தான்.

மூன்று நாள் கூட்டல் எதற்கு? மலை அடிவாரத்துக்கு அதுதான் முக்கியம். உதாரணத்துக்கு முதல் நாள் 40, இரண்டாம் நாள் 65, மூன்றாம் நாள் 90 மி.மீ. பெய்தால் கூட்டல் 195. நான்காம் நாள் 30 மி.மீ. மட்டும் பெய்கிறது. "மழை விட்டுடுச்சு" என்று நினைப்போம். ஆனால் மூன்று நாள் கூட்டல் 185! மண்ணுக்குள் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது.

பாறைக்கு நடுவில் உள்ள மண் தண்ணீரைக் குடித்து கனம் ஏறும். உள்ளே தண்ணீர் அழுத்தம் கூடும்போது மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடிப்பு தளரும். அதனால்தான் மழை குறைந்த பிறகும் சரிவு வருகிறது. இத்தனை மி.மீ. பெய்தால் சரியும் என்று எல்லா மலைக்கும் பொதுவாக ஒரே எண் கிடையாது. மண், சரிவு, மரம், மேலே தோண்டியது, கட்டியது எல்லாம் சேர்ந்து இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு இடத்திலும் பல வருடக் கணக்கு இருந்தால்தான் அந்த எண்ணை நெருங்க முடியும்.

கிராப் ஷீட்டில் படம்

மாதக் கடைசியில் ஒரு கிராப் ஷீட் வாங்குங்கள். கீழே நாளுக்கு அரை செ.மீ. வீதம் 31 நாள். பக்கவாட்டில் 10 மி.மீ. மழைக்கு 1 செ.மீ. உயரம். மழை பெய்த நாளுக்கு நீலப் பென்சிலால் தூண் போடுங்கள். ஒரு மாதம் கண் முன்னால் நிற்கும்.

இன்னொரு ஷீட்டில் வருடக் கணக்கு. ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வாரமும் கூட்டிக் கொண்டே போய் புள்ளி வைத்து கோடு இழுங்கள். இதில் 50 மி.மீட்டருக்கு 1 செ.மீ. போதும். மழை இல்லாத மாதத்தில் கோடு படுத்தே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் படிக்கட்டு மாதிரி எழும். அடுத்த வருடக் கோட்டை வேறு கலரில் அதன் மேலேயே போட்டால் இந்த வருடம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். மல்லாட்டை விதைக்கிறவர்கள், செங்கல் சூளை வைத்திருப்பவர்கள், கட்டிட வேலை பார்ப்பவர்கள், அப்பளம், வடாம் காய வைப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோடு ஏதாவது ஒன்று சொல்லும்.

வெயில், காற்று, மேகம்

மழையில் கை பழகிய பிறகு வெயிலையும் அளக்கலாம். அதிக வெப்பம், குறைந்த வெப்பம் இரண்டையும் காட்டும் வெப்பமானி கடையில் கிடைக்கிறது. அதை வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக, நெஞ்சு உயரத்தில் மாட்ட வேண்டும். சூடான சுவரில் அடிக்கக் கூடாது. அடித்தால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். வானிலை நிலையங்களில் சுற்றிலும் பலகை இடுக்கு வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். நாமும் ஐந்தாறு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் ஓரளவு அதே வேலையைச் செய்யும். காலையில் பார்க்கும் அதிக வெப்பம் நேற்று மதியத்துடையது. அதை நேற்றைய கணக்கில் எழுத வேண்டும்.

கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை என்கிறோம். உங்க நோட்டில் அந்த வருடத்தின் அதிக வெயில் நாள் அதற்குள் வருகிறதா, வெளியே வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

காற்றுக்கு கருவியே வேண்டாம். ஊதுவத்திப் புகை போகும் பக்கத்தைப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அதுதான் அதன் பெயர். வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. மேகத்துக்கு வானத்தை எட்டு பங்காக நினைத்து எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதினால் போதும். மேகங்களுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர்களுக்கு 1802-ல் அடிப்படை போட்டவர் லூக் ஹோவர்டு. லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். அவருக்கும் வானம் பார்ப்பது பொழுதுபோக்குதான்!

சில செல்போன்களில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருக்கிறது. நம்ம ஊர் கடல் மட்டத்தை விட உயரத்தில் இருப்பதால் எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். பயப்பட வேண்டாம். காலை 10 மணிக்கு ஏறி, மாலை 4 மணிக்கு இறங்குவதும் தினசரி வழக்கம். ஒரே நேரத்தில் பார்த்து, நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வதந்தி வேண்டாம்

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பெய்த மழையை அளப்பது வேறு. பெய்யப் போகும் மழையை சொல்வது வேறு. நோட்டை வைத்துக் கொண்டு "நாளைக்கு புயல் வருது" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடக் கூடாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுப்பது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. "எங்க தெருவில் காலை 8.30 வரை 72 மி.மீ." என்று சொல்வது நம்ம வேலை. உண்மை எண்ணை மட்டும் தெரு குரூப்பில் போடுங்கள்.

அடிவாரத்தில் இருப்பவர்கள் தொடர் மழை நாட்களில் இவற்றையும் பார்க்க வேண்டும். சுவரிலோ தரையிலோ புது விரிசல். மேலே இருந்து வரும் ஓடைத் தண்ணீர் திடீரென சேறாக மாறுவது, அல்லது மழை பெய்தும் நின்றுபோவது. மரம், மின் கம்பம் சாய்வது. பாறை உருளும் சத்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் மழைமானியைப் பார்த்துக் கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக் கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070 ஆகியவற்றில் தகவல் சொல்லுங்கள்.

கன மழை நாட்களில் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதி, கேனைக் காலி செய்து வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கொள்ளலாம். மின்னல் அடிக்கும்போது மட்டும் மாடிக்குப் போகவே கூடாது. மழை அளவை விட உயிர் பெரிசு.

தெருவுக்கு ஒரு நோட்டு

ரமணாசிரமம் பகுதியில் ஒரு வீடு, அடி அண்ணாமலையில் ஒன்று, வேங்கிக்காலில் ஒன்று, வ.உ.சி. நகரில் ஒன்று, பே கோபுரத் தெருவில் ஒன்று. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைச் சுற்றி கிலோமீட்டருக்கு ஒரு வீடு என்று வைத்தால் 14 நோட்டு. மலையின் எந்தப் பக்கம் மழை அதிகம், எந்தத் தெருவில் எத்தனை மி.மீ. பெய்தால் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடும். கால்வாய் தூர் வாரச் சொல்லி மனு கொடுக்கப் போகும்போது "நிறைய தண்ணி நிக்குது சார்" என்பதற்கும், "60 மி.மீ. பெய்தாலே தண்ணி நிக்குது, இதோ தேதி" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

பள்ளி மாணவர்கள் இருக்கும் வீட்டில் பொறுப்பை அவர்களிடமே கொடுக்கலாம். தசமம், சராசரி, கிராப் எல்லாம் தானாக வந்துவிடும். ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும் காலையில் ஒரு வேலை ஆச்சு. முதல் வருட நோட்டு சாதாரணமாகத்தான் தெரியும். அஞ்சு வருட நோட்டு சேர்ந்தால் அதற்கு விலையே கிடையாது.

ஐப்பசி அடைமழை வரும் வரை காத்திருக்க வேண்டாம். மழை இல்லாத நாளில் ஆரம்பிப்பதுதான் நல்லது. முதல் வரியில் இன்றைய தேதி, நேரம், பக்கத்தில் 0 என்று எழுதுங்கள். நாளைக்கு காலை 8.30 மணிக்கு மறுபடியும் மாடிக்குப் போங்கள்.